கீசர் ரிப்பேருக்கும் வீடியோ!

"தண்ணி சுடவே இல்லை" என்று போன் செய்தால், "வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புங்கம்மா" என்கிறார் பெங்களூர் கீசர் மெக்கானிக். காரணம் உண்டு. 2022-இல் நகரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 29 நிமிடம் பிடித்ததாக டாம்டாம் நிறுவனம் கணக்கிட்டது. வந்து பார்த்து, சாமானுக்கு பி.வி.கே. ஐயங்கார் சாலை போய்த் திரும்பினால் அரைநாள் கூலி போச்சு!

வீடியோவில் கீசரின் கம்பெனி, லிட்டர் அளவு தெரிந்துவிடும். ஏற்ற சாமானோடு வந்து ஒரே நடையில் வேலையை முடிக்கலாம். போர்வெல் தண்ணீரின் உப்பு எலிமெண்டில் எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை மட்டும் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

சில வீடுகளில், 'டிரிப்' ஆகிக் கிடக்கும் சுவிட்சைத் தூக்கிவிடச் சொன்னதோடு கோளாறு தீர்ந்துவிடுகிறது. அந்த யோசனைக்குக் கூலி கேட்க அவருக்கு வாய் வருவதில்லை. கொடுக்க வீட்டாருக்கும் தோன்றுவதில்லை.