கைமாறு – 9: மாட்டின் பல்

கரும்பச்சைக் கம்பளிக் கோட்டு. உள்ளே கை வழுக்கும் லைனிங். மேல் பொத்தான் மட்டும் காணவில்லை. சீட்டில் 8 பவுண்டு என்று எழுதியிருந்தது. அதே தெருவில் புதுக் கோட்டுகளின் விலையைப் பார்த்து மிரண்டு வந்தவள்தான் நான். ஆனாலும் சென்னை மூர் மார்க்கெட்டில் பழகிய வாய் சும்மா இருக்குமா? "ஆறுக்குத் தருவாங்களான்னு கேளேன்" என்றேன். மகள் என் முழங்கையை அழுத்தினாள். "அம்மா, இது தர்மத்துக்காக நடத்துற கடை. இங்கே வந்தா பேரம்?"

தர்மம் என்றால் விலை எதற்கு? விலை என்றால் பேரம் ஏன் கூடாது? இந்தக் குடைச்சலோடுதான் அந்தக் குளிர்காலம் முழுக்க இங்கிலாந்தின் சாரிட்டி ஷாப்களில் ஏறி இறங்கினேன். கடைத்தெருவில் நாலு எட்டு வைத்தால் ஒன்று வந்துவிடும். இதய நோய்க்கு ஒன்று, புற்றுநோய்க்கு ஒன்று, பூனைகளுக்கு ஒன்று. ஜனங்கள் கழித்துக் கொடுப்பதை விற்று, செலவு போக மிஞ்சுவதை அந்தந்தக் காரியத்துக்கு அனுப்புகிறார்கள். பிரிட்டன் முழுக்கச் சுமார் 10,000 கடைகள்.

இதைப் பெரிய அளவில் வளர்த்தவர்கள் ஆக்ஸ்ஃபாம்காரர்கள். 1942-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய ஒரு குழு, நாஜிகள் பிடியில் பட்டினி கிடந்த கிரேக்க நாட்டுக்கு உணவு அனுப்ப அனுமதி கேட்டுப் போராடியது. போர் முடிந்த பிறகும் நிவாரணத்துக்கென்று பொருட்கள் வந்து குவிந்தன. அனுப்பி மாளவில்லை. 1948-இல் பிராட் ஸ்ட்ரீட் 17-ஆம் எண்ணில் கடை திறந்தார்கள். அடுத்த வருடம் பொறுப்புக்கு வந்த ஜோ மிட்டி எதையும் விற்றுவிடக் கூடிய ஆள். அவர் காலத்தில் ஒரு கழுதைகூட நன்கொடையாக வந்ததாகச் சொல்வார்கள். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் ஊரில் சொல்லி வைத்திருக்கிறோம். சரி, அது வைத்துக்கொள்கிறவருக்கு. விற்கப் போகிறவர் பல்லைப் பார்க்காமல் என்ன விலை சொல்வார்?

பல் பார்க்கும் வேலை கடையின் பின்னறையில் நடக்கிறது. மகளின் அடுத்த வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா செவ்வாய்தோறும் ஒரு கடைக்குச் சம்பளம் இல்லாமல் வேலைக்குப் போகிறார். மூட்டையைப் பிரித்து, அழுக்கையும் கிழிசலையும் ஒதுக்கி, மிஞ்சியதை நீராவியில் சுருக்கம் எடுத்து, துப்பாக்கி மாதிரி இருக்கும் ஒரு கருவியால் பிளாஸ்டிக் இழையில் சீட்டைக் கோத்து மாட்ட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் போகாத துணி கம்பியிலிருந்து இறங்கி, கிலோ கணக்கில் பழந்துணி வியாபாரிக்குப் போய்விடும். அங்கிருந்து அது கானா வரைக்கும், நம் பானிப்பட் வரைக்கும் போகிற கதையைத் தனியாக எழுத வேண்டும்.

"விலை போடுறதுதான் பெரிய தலையிடி" என்றார் அக்கா. "கூடப் போட்டால் வாங்க வாறவை ஏசுவினம். குறைச்சுப் போட்டால் தந்தவை ஏசுவினம். சும்மா வந்த சாமான்தானே எண்டு கேப்பினம். கடை வாடகை சும்மாவோ வருது? கரண்ட் சும்மாவோ வருது?"

அரசு சலுகை தராமல் இல்லை. கடைக் கட்டடத்துக்கான வரியில் 80 சதவீதம் தள்ளுபடி. தானமாக வந்த பொருளை விற்றால் வாட் வரியும் கிடையாது. ஆனால் எனக்குப் புதுசாக இருந்தது கிஃப்ட் எய்ட் என்ற ஏற்பாடு. வருமான வரி கட்டுகிறவர் தன் பையில் ஒரு ஒட்டுத்தாள் ஒட்டிக் கொடுத்தால், விற்கிற வரைக்கும் பொருள் அவருடையதுதான். கடை அவருக்காக விற்றுக் கொடுக்கிற தரகர். விற்ற பணத்தைத்தான் அவர் தானம் செய்ததாகக் கணக்கு. ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். உங்கள் பொருட்கள் இவ்வளவுக்குப் போயின என்று கொடுத்தவருக்குத் தகவலும் வரும். பாட்டி வைத்திருந்த பீங்கான் செட்டைக் கொடுத்தவருக்கு, மொத்தமே 3 பவுண்டு என்று கடிதம் வந்தால் வயிறு எரியாதா?

இன்னொரு பக்கம், போனும் கையுமாக வந்து, மலிவாகக் கிடைப்பதை அள்ளிக்கொண்டு போய் ஈபேயில் விற்கிறவர்கள். அவர்களுக்கு ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று இப்போது கடைக்காரர்களும் ஈபேயைப் பார்த்தே விலை எழுதுகிறார்கள். அங்கே ஒருவர் கேட்கிற விலை வேறு, பொருள் கடைசியில் போகிற விலை வேறு. கேட்கிற விலையைப் பார்த்து எழுதிய சீட்டோடு ஒரு டீ செட் வாரக்கணக்கில் கண்ணாடி அலமாரியில் தூசி தின்பதைப் பார்த்தேன்.

அதுகூடப் போகட்டும். ஒரு கடையில், பெயர் வேண்டாம், குழந்தைச் சட்டை ஒன்று தொங்கியது. மலிவுக்குப் பேர்போன ப்ரைமார்க் சட்டை. துவைத்துத் துவைத்து முன்பக்கத்து முயலுக்கு ஒரு காது போயிருந்தது. சீட்டில் 4 பவுண்டு. அதே மாதிரி புதுச் சட்டையை மூன்று நாள் முன்னால்தான் பேத்திக்கு மூன்றரைக்கு வாங்கியிருந்தேன். தள்ளுவண்டியில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள், திரும்ப மாட்டிவிட்டுப் போனாள்.

காஷ்மீர் ஸ்வெட்டருக்கு 30 பவுண்டு போட்டால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். வாங்குகிறவருக்கு வசதி இருக்கிறது, பணமும் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. முயல் சட்டைதான் பொறுக்கவில்லை. எங்கோ இருக்கிற ஏழைக்காக எதிரே நிற்கிற ஏழையிடம் வசூல். அக்காவிடம் கேட்டேன். "சட்டையெண்டால் இவ்வளவு, காற்சட்டையெண்டால் இவ்வளவு எண்டு மேலிடத்தில இருந்து பட்டியல் வரும். எல்லாத்தையும் ஆர் இருந்து பாக்கிறது?" என்றார். பட்டியல் வந்த பிறகு பல் பார்ப்பது குறைந்துவிட்டது போலிருக்கிறது.

பார்க்காமல் விட்டால் தவறு எதிர்ப்பக்கமும் நடக்கும். அமெரிக்காவில் இதே மாதிரி கடைகளைக் குட்வில் நடத்துகிறது. 1902-இல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் தொடங்கியது. 2018-இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் இருக்கும் குட்வில் கடையில், பழம்பொருள் வியாபாரம் செய்கிற ஒரு பெண் ஒரு பளிங்குத் தலைச் சிலையை வாங்கினார். கன்னத்திலேயே சீட்டு ஒட்டியிருந்தது: 34.99 டாலர். சீட் பெல்ட் மாட்டிக் காரில் உட்கார வைத்துக் கொண்டுபோனார். விசாரித்தால், சுமார் 2,000 வருடப் பழமையான ரோமானியச் சிலை. ஜெர்மனியின் அஷாஃபென்பர்க் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காணாமல் போனது. 2023-இல் ஜெர்மனிக்கே திரும்பிப் போயிற்று.

நான் ஊருக்குக் கிளம்பியது மார்ச்சில். சென்னையில் கம்பளிக் கோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காணாமல் போன பொத்தானுக்குப் பொருத்தமாக ஒன்று தேடித் தைத்து, வாங்கிய கடையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒட்டுத்தாள் வேண்டுமா என்று கேட்டார்கள். நான் அங்கே வரி கட்டுகிறவள் இல்லையே, வேண்டாம் என்றேன்.

நாலு நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது கோட்டு கண்ணாடி ஜன்னலில், பொம்மையின் தோளில் ஏறியிருந்தது. சீட்டில் 12 பவுண்டு.

"எட்டுக்குத்தானே வித்தீங்கன்னு உள்ளே போய்க் கேட்கட்டுமா?" என்றாள் மகள்.

"சும்மா வாடி" என்றேன். பொத்தான் நன்றாகத்தான் பொருந்தியிருந்தது. பதினைந்தே போட்டிருக்கலாம்.