மீன் டெம்போவுக்குள் ஒரு பென்ஸ் இதயம்!

விடிகாலையில் பழவேற்காடு ஏரிக்கரை பரபரப்பாகிவிடும். இறால், நண்டு, மடவை என்று கூடை கூடையாகக் கரையேறும். ஏலம் முடிந்த கையோடு ஐஸ் கொட்டி, பெட்டியைக் கட்டி, வண்டியில் ஏற்ற வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பொன்னேரியைத் தாண்டி சென்னைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நல்ல விலை. அந்த வண்டியை எந்தக் கம்பெனி தயாரித்திருந்தாலும், தமிழ்நாட்டுக் கடலோரத்தில் அதற்குப் பெரும்பாலும் ஒரே பெயர்தான்... டெம்போ!

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இருந்த ஒரு கம்பெனி, தன் வண்டிகளுக்கு வைத்த பெயர் அது. பெயரோடு உறவு முடியவில்லை. உலகெங்கும் கார் ரசிகர்கள் இன்று தேடித் தேடி வாங்கும் பழைய மெர்சிடிஸ் பென்ஸ் ஒன்றின் என்ஜினும், நம் ஊர் டெம்போ வேன்களில் ஓடிய என்ஜினும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்!

ஹாம்பர்க்கிலிருந்து வந்த பெயர்

பழவேற்காட்டுக்கு ஐரோப்பியப் பெயர்கள் புதிதல்ல. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கட்டிய கோட்டைக்கு, தங்கள் நாட்டு மாகாணம் ஒன்றின் பெயரில் 'கெல்டிரியா' என்று பெயர் வைத்தார்கள். கோட்டை இன்று சிதைந்து கிடக்கிறது. அந்தப் பெயர் வரலாற்றுப் புத்தகத்தில் தங்கிவிட்டது. 'டெம்போ' மட்டும் மக்கள் வாயில் நிலைத்துவிட்டது.

1958-ல் தொடங்கிய பஜாஜ் டெம்போ நிறுவனம், ஹாம்பர்க் கம்பெனியின் தொழில்நுட்பத்தில் 'ஹான்சியாட்' என்ற மூன்று சக்கர வண்டியைத் தயாரித்தது. முன்னால் ஒற்றைச் சக்கரமும் நீண்ட மூக்குமாக, ஊர் ஊராகச் சரக்கு ஏற்றிப் போன அந்த வண்டியைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1969-ல் 'மெட்டடோர்' வேன் வந்தது. கல்யாண கோஷ்டியும் அதில்தான், காய்கறி மூட்டையும் அதில்தான். கம்பெனியின் பெயரே வண்டியின் பெயராகிப்போனது.

நட்சத்திரம் இல்லாத பென்ஸ்

1980-களில் பஜாஜ் டெம்போ, மெர்சிடிஸ் பென்ஸ் கார்களைத் தயாரித்த டைம்லர்-பென்ஸிடம் உரிமம் பெற்று, ஒரு டீசல் என்ஜினை இங்கேயே செய்யத் தொடங்கியது. பெயர் ஓ.எம்.616. நான்கு சிலிண்டர், 2.4 லிட்டர். டெம்போ டிராவலர், டிராக்ஸ் போன்ற வண்டிகளில் ஓடியது இந்த என்ஜினும் இதன் வழிவந்தவையும்தான். டிராவலர் வேனின் வடிவமைப்பும் பென்ஸ் வேன் ஒன்றிலிருந்து வந்ததே.

ஜெர்மனியில் இதே என்ஜின் இருந்த கார்தான் பென்ஸ் 240டி. 1976-ல் அறிமுகமாகி 1980-களின் நடுப்பகுதி வரை தயாரான டபிள்யூ123 வரிசையில், எல்லா மாடல்களும் சேர்த்து சுமார் 27 லட்சம் வண்டிகள் வெளிவந்தன. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில், இந்தியாவில் அதை வாங்குவது சாமானியர்களால் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். ஆனால், அதன் இதயம் மட்டும் நட்சத்திரச் சின்னம் இல்லாமல் வேனுக்குள் உட்கார்ந்து கிராமங்களுக்கு வந்துவிட்டது.

அந்தச் சின்னமும் நமக்குப் புதிதில்லை. 1954 முதல் 1969 வரை ஜாம்ஷெட்பூரில் தயாரான 'டாடா மெர்சிடிஸ் பென்ஸ்' லாரிகளின் முகத்தில் அதே மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. பென்ஸை நம் ஊர் முதலில் பரவலாக அறிந்தது காராக அல்ல... மூட்டை ஏற்றும் லாரியாகத்தான்!

கையில் கியர்... காலில் கிளட்ச்!

240டி வேகமான கார் இல்லை. 100 கி.மீ. வேகத்தைத் தொட 20 விநாடிகளுக்கு மேல் பிடிக்கும். சாவியைத் திருப்பியதும் கிளம்பாது. ஹீட்டர் பிளக் சூடாகும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். பிறகு ஏன் இத்தனை மவுசு?

காரணம், அந்தக் காரில் ஓட்டுநருக்கு இருந்த வேலை. சக்தி குறைவான என்ஜின். எந்த இடத்தில் எந்த கியர் என்று தெரிந்து போட்டால்தான் இருக்கும் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். அதனால்தான் 240டி-யில் ஆட்டோமேட்டிக்கைவிட, கையால் கியர் போடும் வண்டிக்குத் தனி ரசிகர் கூட்டம் இருக்கிறது.

கடலோரத்தில் வேன் ஓட்டுபவருக்கு இது ரசனை இல்லை, பிழைப்பு. ஐஸும் மீனுமாக பாரம் ஏறிய வண்டி மணலில் இறங்கினால், கியரைக் குறைத்து, கிளட்சை மெதுவாக விட்டு, சக்கரம் சுழன்று புதையாமல் வெளியே கொண்டுவர வேண்டும். பேட்டரி இறங்கிவிட்டால் நான்கு பேர் தள்ள, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் வண்டி கிளம்பிவிடும். வழக்கமான ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இதற்கு வழியில்லை.

மெர்சிடிஸ் பென்ஸ் இந்தியா 1995-ல் புனேயில் தயாரிக்கத் தொடங்கிய முதல் கார்களிலும் கையால் போடும் கியர் இருந்தது. இன்று ஷோரூமில் நிற்கும் புதிய பென்ஸ்களில் கிளட்ச் பெடலே கிடையாது. ஒரு காலத்தில் சாதாரணமாக இருந்தது இப்போது அபூர்வம். அபூர்வமானதற்கு விலை ஏறத்தானே செய்யும்?

46 லட்சம் கிலோமீட்டர்!

இந்த என்ஜினின் உழைப்புக்கு கிரீஸ் நாட்டில் ஒரு சாட்சி உண்டு. கிரிகோரியோஸ் சாகினிடிஸ் என்ற டாக்ஸி டிரைவர், 1976-ம் வருடத்து 240டி காரைப் பழைய வண்டியாக வாங்கினார். என்ஜினைக் கழற்றிச் சரிசெய்து, மாற்றி மாற்றிப் பொருத்தி, 46 லட்சம் கிலோமீட்டர் வரை ஓடவிட்டார். 2004-ல் அந்த காரைப் பென்ஸ் நிறுவனமே தன் அருங்காட்சியகத்துக்காகப் பெற்றுக்கொண்டது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. கம்ப்யூட்டரும் சென்சாரும் இல்லாத என்ஜின் அது. பம்ப், நாசில், பிஸ்டன் என்று எல்லாமே கையில் எடுத்துப் பார்த்துச் சரிசெய்யக்கூடியவை. கெட்டால் தூக்கிப் போட வேண்டாம். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த மெக்கானிக் இருந்தால் போதும். பெரிய நகரத்து சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கட்டி இழுத்துப் போக முடியாத ஊர்களுக்கு, இதைவிடப் பெரிய சொகுசு வேறென்ன?

ஒரே என்ஜின்... இரண்டு விதி!

ஆனால், உப்புக்காற்று யாரையும் விடாது. ஏரிக்கரை வண்டிகளில் என்ஜினுக்கு முன்பே பாடி துருப்பிடித்து உதிர்ந்துவிடும். அடுத்து வருவது சட்டம். வாடகை வண்டி, சரக்கு வண்டி என்றால் எட்டு வயதுக்குப் பிறகு வருடாவருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். 15 வயதைத் தாண்டினால் கட்டணம் எகிறும். பழைய டீசல் புகை மூச்சுக்குக் கேடு என்பதும் உண்மை. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிகளுக்கு முன்னால் அந்தக் கால என்ஜின் நிற்க முடியாது.

மறுபக்கம், 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயதைத் தாண்டி, மாற்றம் செய்யப்படாமல் இருக்கும் கார்களை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்யலாம். கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு எடுத்துப் போகலாம். தினசரி ஓட்டவோ, வாடகைக்கு விடவோ கூடாது. 1976-ல் வந்த முதல் டபிள்யூ123 கார்கள் அந்த வயதை எட்டுவது 2026-ல்.

ஒரே என்ஜின். காருக்குள் இருந்தால் பாலிஷும் பாராட்டும். வேனுக்குள் இருந்தால் காயலாங்கடை!

டெம்போ கம்பெனியின் பெயர் 2005-ல் 'ஃபோர்ஸ் மோட்டார்ஸ்' என்று மாறிவிட்டது. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் அதற்கு ஓர் ஆலை இருக்கிறது. அங்கே தயாராவது, சென்னையில் உருவாகும் பிஎம்டபிள்யூ கார்களுக்கான என்ஜின்கள். ஜெர்மன் சொகுசு காருக்கும் டெம்போவுக்குமான உறவு அறுந்துவிடவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

அடுத்த முறை கடலோர ரோட்டில், பின்னால் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பழைய டெம்போ வழியை அடைத்துக்கொண்டு போனால், ஹாரன் அடிக்கும் முன் ஒரு நிமிடம் அந்தச் சத்தத்தைக் கேளுங்கள். உங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருப்பது ஒரு பென்ஸாகவும் இருக்கலாம்!