பழைய வண்டி, புது வண்டி ஒரே ரேசில் ஓடினால் நியாயமா? 402 மீட்டரில் நடக்கும் கணக்கு

ஸ்ரீபெரும்புதூர்,

பச்சை விளக்கு எரிந்ததும் ‘விர்’ரென்று கிளம்ப வேண்டும். வளைவு கிடையாது, இரண்டாவது ரவுண்டு கிடையாது. நேர் கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர். அதை யார் முதலில் தாண்டுகிறாரோ அவர் ஜெயித்தவர். இதுதான் டிராக் ரேஸ்.

ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை பந்தய மைதானத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கு இந்த போட்டி நடந்து வந்திருக்கிறது. ஷெட்டில் ஸ்பேனர் பிடிக்கும் பையன் தானே டியூன் செய்த பழைய வண்டியோடு வருவான். பக்கத்து லைனில் பளபளவென்று புது மாடல் நிற்கும். தகராறு அங்கேதான் ஆரம்பம்.

ஒரே சி.சி., ஆனால்...

ரேசில் வண்டிகளை பெரும்பாலும் சி.சி.யை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். சி.சி. ஒன்று என்றால் பலமும் ஒன்று என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள்.

1985-ல் வந்த யமகா ஆர்.எக்ஸ்.100 வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 98 சி.சி., 11 குதிரை சக்தி. அதற்கு பிறகு வந்த ஸ்பிளெண்டர் 97 சி.சி.தான். ஆனால் அதற்கு இருந்தது சுமார் ஏழரை குதிரை சக்தி. ஒரே ஒரு சி.சி. வித்தியாசத்தில் மூன்றரை குதிரை எங்கே போனது?

ஆர்.எக்ஸ். ‘2 ஸ்ட்ரோக்’ என்ஜின். பிஸ்டன் ஒரு தடவை மேலே போய் கீழே வந்தால் பெட்ரோல் எரிந்து ஒரு தள்ளு கிடைக்கும். 4 ஸ்ட்ரோக்கில் இரண்டு தடவை போய் வந்தால்தான் ஒரு தள்ளு. போர்ட்டை ராவி, சைலன்சரை மாற்றினால் 2 ஸ்ட்ரோக் வண்டி இன்னும் சீறும். பெட்ரோல் குடிக்கும், புகை கக்கும் என்பது வேறு விஷயம். புகை கட்டுப்பாடு இறுகியதால் 1996-ல் ஆர்.எக்ஸ்.100 தயாரிப்பு நின்றது. ஆனாலும் இன்று வரை அதற்கு கிராக்கி குறையவில்லை.

இந்த வித்தியாசம் தெரிந்ததால்தான் 2 ஸ்ட்ரோக்குக்கு தனி பிரிவு, 4 ஸ்ட்ரோக்குக்கு தனி பிரிவு வைத்தார்கள். அது வரைக்கும் சரி.

4 ஸ்ட்ரோக்குக்குள்ளேயே சண்டை இருக்கிறதே! 165 சி.சி. வரை ஒரே பிரிவு என்று வைத்துக்கொள்வோம். 1999-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.பி.இசட். 156 சி.சி., சுமார் 12½ குதிரை சக்தி. காற்றில் ஆறும் என்ஜின், கார்புரேட்டர். 2018-ல் வந்த யமகா ஆர்15 வண்டி 155 சி.சி. தண்ணீரில் குளிரும் என்ஜின், 4 வால்வு, கம்ப்யூட்டர் அளந்து ஊற்றும் பெட்ரோல். அதன் பலம் 19 குதிரை சக்தி! புத்தகத்தில் இரண்டும் ஒரே வகுப்பு. லைனில் நிற்கும்போது அப்பனும் பிள்ளையும் ஓடுகிற மாதிரி.

அப்படியானால் வருஷத்தை வைத்து பிரித்தால் என்ன? பிரிக்கலாம். ஒரு பிரிவுக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று நிற்பார்கள். அப்புறம் ரேஸ் எங்கே?

அமெரிக்கா ஐடியா

கார் டிராக் ரேஸ் பிறந்த அமெரிக்காவில் சாதாரண ஜனங்கள் இதற்கு வேறு வழி பிடித்தார்கள். ‘பிராக்கெட்’ ரேஸ் என்று பெயர். ஓட்டுபவர் தன் கார் எத்தனை வினாடியில் ஓடும் என்று முன்கூட்டியே எழுதி கொடுக்க வேண்டும். பழைய கார் 16 வினாடி, புது கார் 12½ வினாடி என்றால் பழைய காருக்கு மூன்றரை வினாடி முன்பே பச்சை விளக்கு எரியும். பின்னால் கிளம்பும் புது கார் துரத்திப் பிடிக்க வேண்டும்.

மனுஷன் சும்மா இருப்பானா? 16 வினாடி காருக்கு 17 என்று எழுதி கொடுத்தால் சுலபமாக ஜெயிக்கலாமே! அதற்கும் ஆப்பு உண்டு. எழுதி கொடுத்ததை விட வேகமாக ஓடினால் தோல்வி. இருவருமே அப்படி ஓடினால், குறைந்த அளவு மீறியவர் ஜெயித்தார். பச்சைக்கு முன்பு கிளம்பினால் சிவப்பு விளக்கு, ஆள் அவுட். இதில் காசு கொட்டியவருக்கு மட்டும் வெற்றி இல்லை. விளக்கை பார்த்து சட்டென்று கிளம்ப தெரிந்தவருக்குத்தான் லாபம்.

அங்கேயும் சண்டை ஓயவில்லை. ‘ஸ்டாக்’ என்ற பிரிவில் காரின் எடையையும், கம்பெனி சொல்லும் குதிரை சக்தியையும் கணக்கு போட்டு வகுப்பு பிரிக்கிறார்கள். 1960-களின் காரும் அதில் ஓடும். 2008-ல் போர்டு கம்பெனி ‘கோப்ரா ஜெட்’ என்ற பெயரில் 50 மஸ்டாங் கார்களை ரேசுக்கென்றே செய்து இறக்கியது. காகிதத்தில் காட்டிய பலம் குறைவு, ஓடுகிற வேகம் அதிகம் என்று பழைய கார்காரர்கள் கொதித்தார்கள். வரம்பை மீறி வேகம் காட்டும் காரின் குதிரை சக்தி கணக்கை சங்கமே ஏற்றி விடும் விதி அங்கே உண்டு.

பிராக்கெட் முறையை இங்கே கொண்டு வந்தால் ஷெட் பையனுக்கு நல்ல காலம்தான். ஆனால் முன்னால் கிளம்பியவன் ஜெயித்தால் நம்ம ஊர் ரசிகர்கள் விசில் அடிப்பார்களா என்பது சந்தேகம். யாருடைய வண்டி வேகம் என்பதுதானே இங்கே பேச்சு!

மைதானத்தில் நியாயம் இல்லை என்று சிலர் ராத்திரியில் ரோட்டில் பந்தயம் கட்டுகிறார்கள். அங்கே பிரிவும் இல்லை, ஆம்புலன்சும் இல்லை. மோட்டார் வாகன சட்டம் 189-வது பிரிவின்படி, 2019 திருத்தத்துக்கு பிறகு, முதல் தடவை சிக்கினால் 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஒரு வருடம் வரை ஜெயில், அபராதம் ரூ.10 ஆயிரம்.