கல்லில் எழுதாத கணக்கு

திருச்சிக்காரர்களில் காந்தி மார்க்கெட்டுக்குப் போகாதவர் உண்டா? காய்கறி மூட்டைகளும் வண்டிகளும் நெருக்கியடிக்கும் அந்த இடத்தில் ஒரு போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. அதை நின்று படிப்பவர்கள் குறைவு.

1914-ம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. இந்த ஊரிலிருந்து 302 பேர் போருக்குப் போனார்கள். அவர்களில் 41 பேர் உயிர் நீத்தார்கள். அந்தக் கல் சொல்லும் செய்தி இதுதான்.

போனவர் கணக்கு இருக்கிறது. மாண்டவர் கணக்கு இருக்கிறது. கையோ, காலோ, கண்ணோ போய் வீடு திரும்பியவர் எத்தனை பேர்? அது கல்லில் இல்லை. அவரைத் தூக்கி உட்கார வைத்துச் சோறு ஊட்டிய தாய் யார்? மனைவி யார்? அதுவும் கல்லில் இல்லை.

அதன் பிறகு 1962, 1965, 1971, 1999 என்று எத்தனையோ போர்களை நம் ராணுவம் பார்த்துவிட்டது. போர் இல்லாத நாளிலும் கண்ணிவெடி உண்டு, பனிச்சரிவு உண்டு, விபத்து உண்டு. காயம்பட்ட வீரர் வீடு திரும்பும்போது, அவருடன் ஒரு வேலையும் வீட்டுக்குள் வருகிறது. அந்த வேலைக்கு லீவு கிடையாது. சம்பளமும் கிடையாது.

இரண்டு மணிக்கு ஒரு தடவை

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டுப் பட்டாளத்துக்காரருக்கு முதுகெலும்பில் காயம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

உணர்ச்சி இல்லாத உடம்புக்கு வலி தெரியாது. வலி தெரியாததுதான் ஆபத்து! ஒரே பக்கமாகப் படுத்திருந்தால், அழுந்திய இடத்தில் ரத்தம் ஓடாது. சில மணி நேரத்திலேயே தோல் சிவக்கும். பிறகு புண்ணாகும். கவனிக்காமல் விட்டால் புண் எலும்பு வரை இறங்கும். உயிருக்கே உலை வைக்கும்.

அதனால் இரண்டு மணிக்கு ஒரு தடவை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். பகலில் மட்டும் அல்ல, இரவிலும்தான். தினமும் முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் பார்க்க வேண்டும். சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். நாற்காலிக்கு மாற்ற வேண்டும். திரும்பப் படுக்கைக்கு மாற்ற வேண்டும்.

இவ்வளவும் செய்பவர் யார்? பெரும்பாலும் ஒரு பெண். அவர் எத்தனை இரவு முழுத் தூக்கம் தூங்கியிருப்பார்? ஆளைத் தூக்கித் தூக்கி அவருடைய முதுகும் போய்விடுகிறது. அவர் படுத்துவிட்டால் அந்த வீட்டில் படுக்கை இரண்டு!

கேட்டால் கிடைக்கும்

இவர்களுக்கு உதவியே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது தானாக வீடு தேடி வருவது இல்லை.

ராணுவ ஊனப் பென்ஷனோடு சேர்த்து ஒரு படி உண்டு. அதன் பெயர் ‘கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்’. எப்போதும் பக்கத்தில் ஆள் தேவைப்படுவோருக்கான படி அது. ஊனம் 100 சதவீதமாக இருக்க வேண்டும். ஆள் துணை தேவை என்று மருத்துவக் குழுவும் சொல்ல வேண்டும். மாதம் 4,500 ரூபாயாக இருந்த இந்தப் படி, 2017-ம் ஆண்டு 6,750 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பென்ஷன் உத்தரவில் இந்தப் படி இருக்கிறதா என்று ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது. இல்லாவிட்டால் திருச்சியில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம்.

முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் 2003-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி தொடங்கியது. ஈ.சி.எச்.எஸ். என்பார்கள். இதில் சேர்ந்த வீரருக்கு மட்டும் அல்ல, அவருடைய மனைவிக்கும் சிகிச்சை உண்டு. ஆகவே, கணவரின் மருந்துக்காகப் போகும் மனைவி, தன் முதுகு வலியையும் டாக்டரிடம் சொல்லலாம். சொல்லவேண்டும்!

பயிற்சிக்கும் இடம் உண்டு. புனேயில் 1944-ம் ஆண்டு முதல் செயற்கைக் கை, கால் நிலையம் இருக்கிறது. அதை அடுத்த கிர்க்கியில், முதுகெலும்பில் காயம்பட்ட வீரர்களுக்கென 1974-ம் ஆண்டு ஒரு மறுவாழ்வு இல்லம் அமைந்தது. 1978-ல் பஞ்சாபில் மொகாலியிலும் ஒன்று ஏற்பட்டது. தானே சக்கர நாற்காலிக்கு மாறவும், தன் காரியத்தைத் தானே பார்க்கவும் வீரர் பழகிவிட்டால், வீட்டில் உள்ளவருக்குப் பாதி பாரம் குறையும்.

முரளிகாந்த் பேட்கர் என்ற வீரரின் கதை இதற்குச் சாட்சி. 1965-ம் ஆண்டுப் போரில் குண்டு பாய்ந்து அவருடைய இடுப்புக்குக் கீழே செயல் இழந்தது. அவரே 1972-ல் மேற்கு ஜெர்மனியில் நடந்த பாரா ஒலிம்பிக் நீச்சலில் தங்கப் பதக்கம் வாங்கினார்!

அமெரிக்காவில் ஒரு சட்டம்

நம் நாட்டில் படி, வீரரின் பென்ஷனோடு வருகிறது. பார்த்துக்கொள்பவரின் பெயருக்கு வருவது இல்லை.

அமெரிக்காவில் 2010-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. படுகாயம் அடைந்த வீரரை வீட்டில் வைத்துப் பார்க்கும் மனைவிக்கோ தாய்க்கோ மாதப் பணம் தர அது வழி செய்தது. அதோடு பயிற்சி. அதோடு மனம் தளர்ந்தால் ஆலோசனை. இன்னொன்றும் உண்டு: ஆண்டுக்கு 30 நாளாவது ஓய்வு! அந்த நாட்களில் வீரரைக் கவனிக்க வேறு ஏற்பாடு செய்து தருகிறார்கள்.

இது சலுகை அல்ல, கணக்கு. பார்த்துக்கொள்பவர் நன்றாக இருந்தால்தான் வீரர் நன்றாக இருப்பார். அவர் நோயில் விழுந்தால், அரசாங்கம் இரண்டு பேரைப் பார்க்க வேண்டி வரும்.

இரண்டு மணி நேரம் தாருங்கள்

சட்டம் வரும்போது வரட்டும். அக்கம்பக்கத்தார் அதுவரை காத்திருக்க வேண்டுமா?

ஆண்டுதோறும் டிசம்பர் 7-ந் தேதி கொடி நாள். 1949-ம் ஆண்டிலிருந்து நடக்கிறது. அன்று உண்டியலில் போடும் காசு வீரர்களின் குடும்ப நலனுக்குப் போகிறது. அது நல்ல காரியம். ஆனால் காசால் வாங்க முடியாதது ஒன்று இருக்கிறது. அதுதான் தூக்கம்.

கொடி நாளுக்குப் பின்னே மார்கழி வரும். வைகுண்ட ஏகாதசிக்கு எங்கெங்கிருந்தோ ஸ்ரீரங்கத்துக்கு ஜனங்கள் வருவார்கள். சொர்க்க வாசலைக் கடக்க விடிய விடியக் காத்து நிற்பார்கள். ஆனால், கோவிலுக்கு நாலு வீதி தள்ளி இருப்பவருக்குப் போக முடியாது. ஏன்? இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டுமே!

அந்த வீட்டுக் கதவைத் தட்டி, “அக்கா, அண்ணன் பக்கத்தில் நான் இருக்கிறேன். எப்படித் திருப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். நீங்கள் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வாருங்கள்” என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். கோவிலுக்குப் போக வேண்டாம் என்றால், அந்த நேரம் அவர் தூங்கட்டும். அதுவும் புண்ணியம்தான்.

காந்தி மார்க்கெட் கல்லில் இனி யாரும் புதிதாக எழுதப்போவது இல்லை. கல்லில் இல்லாத அந்தக் கணக்கை, பக்கத்து வீட்டுக்காரர்கள் மனதில் எழுதிக்கொள்ளலாம்.