நடுக்குவாதம்: மருந்தா, சத்திரசிகிச்சையா?

தேநீர்க் கோப்பையை உதட்டருகே கொண்டு செல்வது நமக்கு ஒரு செயலாகவே தோன்றுவதில்லை. பார்க்கின்சன் நோயுற்றவருக்கோ அதுவே பெரும் பிரயத்தனம். கை நடுங்கும்; தசைகள் இறுகும்; நடக்க எண்ணினும் கால் எழாது. 1817ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு நோயாளரை அவதானித்து, இந்நோய் பற்றிச் சிறு நூலொன்று எழுதினார். அவருள் சிலரை அவர் வீதியிலேயே கண்டார். பின்னர் அவர் பெயரே நோய்க்கும் பெயராயிற்று.

நோயின் மூலம் விளங்க ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு சென்றது. நடுமூளையிலுள்ள சில கலங்கள் டோபமீன் என்னும் இரசாயனப் பொருளைச் சுரக்கின்றன. அக்கலங்கள் அழிய, அசைவும் தளர்கின்றது. இறந்த நோயாளரின் மூளையில் டோபமீன் பெரிதும் குறைந்திருந்ததை 1960இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச் எடுத்துக் காட்டினார். டோபமீனை உட்கொண்டால் அது மூளையைச் சென்றடையாது. அதுவாக மாறவல்ல லெவோடோபாவோ சென்றடையும். அமெரிக்காவில் கொட்சியாஸ் 1967இலும் அடுத்த ஆண்டுகளிலும் இவ்வகை மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பெரும் அளவிற் கொடுத்தபோது, அசைவிழந்தோர் பலர் எழுந்து நடமாடினர்.

ஆயின் அந்த வரத்திற்கும் ஓர் எல்லை இருந்தது. ஆண்டுகள் சில செல்ல, அடுத்த வேளை மருந்துக்கு முன்னரே முந்திய வேளையின் பயன் தேய்ந்துவிடுகின்றது. அளவைக் கூட்டினாலோ உடல் தன் விருப்பின்றி நெளிந்து ஆடுகின்றது. ஒரே நாளிற் சில மணித்தியாலம் விடுதலை, சில மணித்தியாலம் சிறை. சத்திரசிகிச்சை பற்றிய வினா பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றது.

முன்னாளில் சத்திரவைத்தியர் மூளையின் சிறு பகுதியை அழித்து நடுக்கத்தை நிறுத்த முயன்றனர். அழித்ததை மீட்க வழியில்லை. 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரிற் பெனாபிட் என்பார், விரைந்த மின் துடிப்புகளால், அழிக்காமலே நடுக்கத்தை அடக்கலாம் எனக் கண்டார். இன்று மெல்லிய மின்கம்பிகளை மூளையின் ஆழத்திற் செலுத்தி, மார்புத் தோலின் கீழ் வைத்த சிறு கருவியோடு இணைக்கின்றனர். மின்னைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம்.

இரண்டையும் துலாக்கோலில் இட்டுப் பார்த்தோரும் உளர். 156 நோயாளரைக் கொண்டு நடத்தப்பெற்று 2006இல் வெளிவந்த ஜேர்மன், ஒஸ்திரிய ஆய்விலே, மின் தூண்டல் பெற்றோரின் அசைவும் அன்றாட வாழ்வும் மருந்து மட்டும் உண்டோரினும் மேம்பட்டன. ஆனாற் பாரதூரமான தீங்குகள் முன்னவருக்கு நூற்றுக்கு 13, பின்னவருக்கு நூற்றுக்கு 4. சத்திரசிகிச்சை பெற்ற ஒருவர் மூளையில் இரத்தம் பெருகி இறந்தார். துலாக்கோலின் இரு தட்டும் வெறுமையல்ல.

இங்கே அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு. மருந்து தன் நல்ல வேளையில் எதைத் தருகின்றதோ, அதையே மின் தூண்டல் நீடித்துத் தருகின்றது. மருந்து தராததைப் பெரும்பாலும் அதுவும் தராது. நடுக்கம் ஒன்றே விதிவிலக்கு. ஆதலினாலேயே, சத்திரசிகிச்சைக்கு முன் மருந்தை ஓரிரவு நிறுத்தி, மீண்டும் கொடுத்து, அசைவு எவ்வளவு திருந்துகின்றது என வைத்தியர் அளந்து பார்க்கின்றனர். நல்ல வேளை குறுகிவிட்டதே என வருந்துவோருக்கு இதனால் நம்பிக்கையுண்டு. நல்ல வேளையிலும் தள்ளாடி விழுவோருக்கும், ஞாபகம் மங்குவோருக்கும் இது வழியன்று. நோயின் போக்கை நிறுத்துவதாகவோ இரண்டில் ஒன்றும் நிரூபிக்கப்படவில்லை.

சிலருக்கு இச்சிகிச்சையின்பின் பேச்சுத் தெளிவு குன்றுவதுமுண்டு. கடிகாரம் திருத்துபவருக்குக் கை நிலைபெற்றாற் போதும். குரல் சற்று மங்கினும் பொறுத்துக்கொள்வார். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் அவ்வாறு பொறுப்பாரா? ஒரே நோய், ஒரே சிகிச்சை. எனினும் இருவரின் துலாக்கோலும் ஒன்றல்ல.

மருத்துவத்தின் நான்கு கூறுகளை வகுத்த வள்ளுவர், நோயுற்றவனையே முதலில் வைத்தார். அடுத்தே மருத்துவனும், மருந்தும், அருகிருந்து உதவுவோனும். எதை மீட்கவேண்டும், எதை இழக்கத் துணியலாம் என்று நோயாளியிடம் கேளாமல், மருந்தா சத்திரசிகிச்சையா என்னும் வினாவுக்கு எவரும் விடை கூறுதல் இயலாது.