பஹிரவகந்த: கன்னிப் பலி கேட்ட குன்று

88 அடி உயர வெண்ணிறப் புத்தர் அமர்ந்திருக்கும் இந்தக் குன்றில் முன்பு ஒரு பேய் குடியிருந்தது என்பது கண்டியின் பழங்கதை.

கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் பட்டத்தரசிக்குப் பிள்ளை தங்கவில்லை. குன்றிலுள்ள பேயான பஹிரவன் ஆண்டுக்கொரு கன்னியைக் கேட்கிறான் என்றார்களாம் சோதிடர்கள். பெண்ணைப் பூச்சூட்டி மேளத்தோடு அழைத்துவந்து, உச்சியில் நட்ட கம்பத்தில் கட்டிவிட்டு எல்லோரும் இறங்கிவிடுவார்கள். விடிந்து போய்ப் பார்த்தால் உயிர் இருக்காது. பேய் அடித்ததா, காட்டு இருட்டில் பயமே அடித்ததா, கதை சொல்வதில்லை. கடைசியாகக் கட்டப்பட்டவள் டிங்கிரி மெனிகா. அவளுடைய காதலன் இரவோடிரவாக ஏறிவந்து கட்டை அவிழ்த்துக் கூட்டிப்போனான். பலியும் அத்தோடு நின்றது.

மன்னன் நாயக்கர் வம்சத்தவன்; இயற்பெயர் கண்ணுசாமி. 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, நாடுகடத்தப்பட்டு, 1832இல் வேலூரில் இறந்தான். அவனைக் கொடியவனாகக் காட்டும் எந்தக் கதையும் வென்றவர்களுக்கு வசதியானது. இந்தக் கதையைக் கேட்கும்போது அதையும் கணக்கில் எடுங்கள். ஆனால் 1814இல், தனக்கு எதிராகத் திரும்பிய அமைச்சர் எஹலப்பொல நிலமேயின் குடும்பத்துக்கு மன்னன் செய்தது பதிவான வரலாறு: பிள்ளைகளின் தலை வெட்டப்பட்டது, தாய் போகம்பரைக் குளத்தில் அமிழ்த்திக் கொல்லப்பட்டாள்.