திரை உறைந்த வேளை

எழுதிக்கொண்டிருக்கும்போது கணினியின் திரை அசைவற்று நின்றுவிடின், நம் மாணாக்கரிற் பலர் உடனே மின்விசையை நிறுத்திவிடுகின்றனர். யாமும் ஒருமுறை அங்ஙனமே செய்து, ஆய்வுரையின் ஓர் இயலில் ஒரு மாலை முழுதும் எழுதியதை இழந்தோம். பொறியின் பிழையால் இழந்ததன்று என்பதைப் பின்னரே உணர்ந்தோமாதலின், அதனை ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

யாம் கையாண்டது விம் என்னும் எழுத்துச் செயலி. நெதர்லாந்து தேயத்தினரான பிராம் மூலனார் என்பார் 1991-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார், 2023-இல் காலமாயினார். விலையின்றி வழங்கி, விரும்புவோர் உகாண்டா நாட்டுக் கிபாலேயிலுள்ள குழந்தைகளுக்கு உதவுக என்று மட்டும் அவர் வேண்டிக்கொண்டமை நம் கல்லூரியார் அறிந்து மகிழத்தக்கது.

பிற செயலிகளிற் கண்ட்ரோல் விசையோடு எஸ் விசையை அழுத்தின் எழுதியது சேமிக்கப்படும். அப்பழக்கத்தால் யாம் லினக்ஸ் முனையத்திலும் அவ்விரண்டையும் அழுத்தினோம். ஆங்கோ அதன் பொருள், 'வெளியீட்டை நிறுத்துக' என்பதாம். காகிதத்தில் அச்சிடும் தொலையச்சுப் பொறிகளின் காலத்தில், வந்துகொண்டிருக்கும் எழுத்துக்களைச் சற்றே தடுத்துவைக்கப் பயன்பட்ட குறி அது. கண்ட்ரோலோடு க்யூ விசையை அழுத்தியிருப்பின் திரை உடனே உயிர்பெற்றிருக்கும்! விம்மின் அண்மைப் பதிப்புகள் பெரும்பாலும் இக்குறிக்கு அடங்குவதில்லை. எம்முடையது பழைய பதிப்பு. உறைந்த திரையின்முன் விசைகளைக் கண்டபடி தட்டலாகாது. தட்டியவை காத்திருந்து, திரை விடுபட்டவுடன் கட்டளைகளாக நிறைவேறக்கூடும்.

மின்விசையை நிறுத்திய பின்னரும் அனைத்தும் போய்விடவில்லை. 200 எழுத்துக்கள் தட்டியவுடனோ, தட்டாமல் 4 விநாடி கழிந்தவுடனோ, மாற்றங்களை ஸ்வாப் கோப்பு என்னும் துணைக்கோப்பில் எழுதிவைப்பது விம்மின் இயல்பு. மறுபடி திறந்தபோது, அக்கோப்பு இருத்தலை நீண்ட எச்சரிக்கையொன்றால் அறிவித்து, என் செய்வதென அது எம்மை வினவிற்று. யாமோ அதனைப் படியாது, தொல்லை ஒழிக என்றெண்ணி, அழித்தற்குரிய டி என்னும் எழுத்தை அழுத்தினோம். அழுத்தியிருக்கவேண்டியது மீட்டற்குரிய ஆர். அங்ஙனம் மீட்டதை வேறு பெயரிற் சேமித்து, மூலத்தோடு ஒப்புநோக்கிய பிறகே ஸ்வாப் கோப்பை நீக்குதல் முறை.

க்யூவுக்கும் திரை அசையாதாயின் காரணம் வேறு. பிறர் இயற்றிய துணைநிரல்களை ஐயுறலாம். விம் என்பதை அடுத்து இடம்விட்டு, இரு சிறுகோடுகளும் கிளீன் என்னும் ஆங்கிலச் சொல்லும் இட்டுத் தொடங்கினால், நாம் செய்துகொண்ட அமைப்புகளின்றி அது திறக்கும். அப்பொழுது செவ்வனே இயங்கின், அமைப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் குற்றமுடையதைப் பிடிக்கலாம். மிக நீண்ட ஒற்றை வரியுள்ள கோப்பாயின், சொற்களுக்கு நிறந்தீட்டும் வேலையே அதனைத் திணறச் செய்யும். சின்டாக்ஸ் ஆஃப் என்னும் கட்டளையால் அவ்வேலையை நிறுத்திவிடலாம்.